ஆறாவது மேசை

நவம்பர்க் காய்ச்சல் போகும்போது
என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது.
யாரிடமும் சொல்லவில்லை.
பில்சனில் பிறந்து
பீர் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள்
சொல்லிக்கொள்ளும் சேதியா அது?
பிப்ரவரியில் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள்.
வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

எண் ஒட்டிய கோப்பைகள்.
பேர் இல்லை, ஊர் இல்லை.
நால்வர் பீரை முகர்கிறார்கள்.
நான் அவர்கள் முகத்தை முகர்கிறேன்.

குனிகுண்டே, பாம்பெர்க்காரி.
அவள் புருவம் இறங்கினால் புகை போதவில்லை.
விறகுப் புகையில் மால்ட்டை உலர்த்துகிற ஊர்.
'முதல் கோப்பை பன்றித்தொடை,
இரண்டாவது பரவாயில்லை,
மூன்றாவதுதான் பீர்' என்பாள்.
இங்கே கோப்பைக்கு இரண்டு மிடறுதான் என்பது
அவளுக்குத் தீராத வழக்கு.

ஹெர்லிண்ட, பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே.
பனிக்கால ராத்திரியில் கூரைப் பலகணி திறந்து
காற்றில் வருவதை வா என்கிற ஆட்கள்.
சிலந்திவலையைக் கலைக்க மாட்டார்கள்,
ஈ பிடிக்கச் சம்பளமில்லாத ஆள்.
மூன்று வருடம் பீப்பாயில் கிடந்து புளிக்கும்.
'குதிரைச் சேணம்' என்று அவள் கண்ணை மூடினால்
அது பாராட்டு, நான் ஒன்பது போடுவேன்.
அதையே ஊத்முன் சொன்னால்
மூன்று.

ஊத்முன், வோஸ் பள்ளத்தாக்கு.
மர வளையத்தில் ஈஸ்ட்டைக் காயவைத்துத்
தொங்கவிடுகிற வீடு.
சாற்றில் அதைப் போடும்போது கத்த வேண்டுமாம்,
பேய்கள் பயந்து ஓட.
'எப்படி?' என்று கொரோத்திமி கேட்டதுதான் தப்பு.
எழுந்து நின்று கத்தினான்.
மண்டபமே எழுதுவதை நிறுத்தியது.
பத்தாவது மேசையில் ஒரு கோப்பை உடைந்தது.
'இனிப் புளிக்கும்' என்று உட்கார்ந்தான்.

கொரோத்திமி மட்டும் சிரிக்கவில்லை.
போபோ-தியுலாஸோவில்
செஞ்சோளம் முளைகட்டி, ஊரே பார்க்கக் காய்ச்சி,
சுரைக்குடுவையில் வெதுவெதுப்பாக விற்கிறவள்.
'உங்கள் பீருக்கெல்லாம் தேதி ஒட்டியிருக்கிறது.
என்னுடையது நேற்று ராத்திரி பிறக்கும்,
நாளை மத்தியானம் செத்துப்போகும்.
அதை எந்தப் பெட்டியில் அனுப்ப?'
முதல் சொட்டைத் தரைக்கு விடக் குனிந்தவள்
கம்பளத்தைக் கண்டு
துப்பும் வாளியில் விட்டாள்.

பதினேழாம் எண்.
குனிகுண்டே இருமிக்கொண்டிருந்தாள்.
ஹெர்லிண்ட எழுந்து போயிருந்தாள்.
ஊத்முன் தாளுக்குள் தலையை விட்டிருந்தான்.
பார்க்க முகம் இல்லை.
காதருகே கொண்டுபோனேன்.
மணலில் அலை வற்றுகிற மாதிரி
நுரை உடைந்துகொண்டிருந்தது.
நல்ல சத்தம்.
எழுதினேன்: வெட்டின புல், கொஞ்சம் தேன். எட்டு.

கொரோத்திமி என் தாளைப் பார்த்தாள்.
பிறகு கோப்பையை.
பிறகு என்னை.

குழாயடியில் கேட்டாள்: 'எத்தனை நாளாக?'
'நவம்பர்.'
'அது வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் நாறியது.'
கையைக் கழுவினாள், நிதானமாக, விரல்விரலாக.
'எனக்கு மூக்கு இருக்கிறது.
உங்கள் கைப்புதான் ஒன்றும் பிடிக்கவில்லை.
முதல் நாளிலிருந்து எல்லாவற்றுக்கும்
ஆறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.'

திரும்பி வந்து எட்டை அடித்தேன்.
அவள் ஆறை அடித்தாள்.
மற்ற பதினாறு எண்களை
இருவரும் தொடவில்லை.

சாயங்காலம், ஸ்டேஷன் பக்கத்துக் கடை.
ராடிம் கேட்காமலே எனக்குப் 'பால்' ஊற்றினான்.
குவளை முழுக்க நுரை, அடியில் ஒரு விரல் பீர்.
ஒரே மூச்சில் குடிக்க வேண்டும்,
பேசிக்கொண்டிருந்தால் இறங்கிவிடும்.
'இதற்குக் காசா?' என்றாள் கொரோத்திமி.

மேலுதட்டில் குளிர்.
வாசனை வரவில்லை.
நாக்கின் கடைசியில்
வீட்டு ஆள் பின்வாசல் வழியாக நுழைகிற மாதிரி
கைப்பு வந்து நின்றது.

அவளும் குடித்தாள். முகம் சுளித்தாள்.
'தேறுமா?' என்றேன், குவளையைக் காட்டி.
என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
'தெரியாது' என்றாள்.
ராடிமைப் பார்த்து
இரண்டு விரல் காட்டினாள்.